சின்னதுரைக்குக் கட்டிய காப்பு

போன கிழமை கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வினோத உடைப் போட்டி. ஐந்து வயசுப் பிள்ளை ஒன்று காக்கிக் கழுசான், முழங்கால் வரை வெள்ளை மேஸ், தலையில் சிவப்புக் கடதாசிக் கொண்டையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடைக்கு வந்தது. அது என் சின்னதுரை. என் கதைப்புத்தகங்களில் ரயிலேறித் திரிகிற சேவல். பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியாது, அவன் பெயர் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

போட்டி முடிந்ததும் அந்தப் பிள்ளை கடதாசிக் கொண்டையைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தது.

"டீச்சர், சின்னதுரை நெசமாவே இருந்தாரா?"

"இருந்தாரு."

"அப்ப அவரு மாதிரிக் கூவிக் காட்டுங்க."

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன். பாதி சேலையில் ஊற்றிக்கொண்டேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்கிறேன் கேளுங்கள்.

கம்பளையில் நான் நேர்சரி டீச்சராகச் சேர்ந்த புதிது. நேர்சரி மேல்மாடியில், கீழே ஹாஜியாரின் கோழிக்கடை. ஈர இறகும் மரத்தூளும் கலந்த வாசனை படியேறி வந்து எங்களோடு சேர்ந்து அரிச்சுவடி படிக்கும். புதிதாக வருகிற தாய்மார் மூக்கைப் பொத்துவார்கள். ஒரு மாதத்தில் பழகிப்போவார்கள். எனக்கு எவ்வளவு பழகியது என்றால், லீவு நாளில் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனால் அம்மா, "ஒம் மேல கோழி நாத்தம் அடிக்குதுடி, குளிச்சிட்டு உள்ள வா" என்பாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். சாமான் வாங்கப் பட்டணம் வருகிற சனங்கள் காலையிலேயே வந்து உயிர்க்கோழி ஒன்றைப் பார்த்து வைப்பார்கள். கையில் அகப்பட்ட துணித்துண்டையோ சணலையோ அதன் காலில் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போவார்கள். கட்டினால் அது கட்டினவர் கோழி. திரும்பி வரும்போது ஹாஜியார் அதை அறுத்துத் துப்புரவாக்கி வைத்திருப்பார். நான் தினமும் அந்தப் படியில் ஏறி இறங்கியவள். இந்த வழக்கத்தை நூறு தரம் பார்த்தவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் மறந்துபோனேன்.

ஒருநாள் கோழிக் கூட்டோடு தவறுதலாக ஒரு ஊர்ச்சேவல் வந்துவிட்டது. செம்பட்டை நிறம், கால் விரல் வரைக்கும் வெள்ளை இறகு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியாக ஒரு சின்னதுரை இருந்தார். முழங்கால் வரை மேஸ் போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக் களத்தில் எல்லோரையும் விரட்டுவார். இந்தச் சேவலும் அதே நடை, அதே அதட்டல். "ஐயோ, எங்க சின்னதுரை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஹாஜியாரின் மகள் ஷிஃபா கைதட்டிச் சிரித்தாள். பெயர் நிலைத்துவிட்டது. "அவன அறுக்க ஏலாது வாப்பா" என்றாள். ஹாஜியாருக்கு மகள் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து சின்னதுரை கடைவாசலில் அவிழ்த்துவிட்டபடி திரிந்தான்.

ஷிஃபா என் வகுப்புப் பிள்ளை. இருதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவளுக்காகத்தான் கதை கட்டத் தொடங்கினேன். சின்னதுரை நுவரெலியாவுக்குப் போகிறான், சின்னதுரை பஸ்ஸில் டிக்கட் எடுக்க மறுக்கிறான். கதை முடிவில் நான் கூவ வேண்டும். என் கூவல் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைகூட அதைவிட நன்றாகக் கத்தும். கீழேயிருந்து சின்னதுரை பதில் கூவுவான். ஷிஃபா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், எனக்குப் பயமாக இருக்கும்.

கொழும்பில் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது. புறப்படுகிற காலை கடைவாசலில் வேன் நின்றது. நான் கோயிலில் பூசை செய்த மஞ்சள் காப்புக் கயிறு ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்திருந்தேன். எப்படிக் கொடுப்பதென்று தெரியவில்லை. அவர்கள் வீட்டு முறை வேறு. பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள்.

"கையில என்ன டீச்சர்?"

சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்குக் கட்டினா உம்மா ஏசுவா. சின்னதுரைக்குக் கட்டுங்க. அவனுக்குக் கட்டினா எனக்குக் கட்டின மாதிரித்தானே?"

சின்னதுரையைப் பிடித்து, இறகை விலக்கி, வலது காலில் மூன்று முடிச்சுப் போட்டேன். "எம்பிள்ளய நல்லபடியா கொண்டுவந்து சேர்த்துரு தாயே" என்று மனசுக்குள் கும்பிட்டேன். கடையைப் பார்த்துக்கொள்ள அன்றுதான் கலகெதரவிலிருந்து வந்திருந்த ஹாஜியாரின் மச்சினர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

ஷிஃபா இல்லாத வகுப்பில் கதையும் இல்லை, கூவலும் இல்லை; கீழே சின்னதுரை இல்லாததையும் நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் இடைவேளை நேரம். மச்சினர் படியேறி வந்தார். கையில் ஒரு சொப்பிங் பேக்.

"ரெண்டு நாளா நீங்க வந்து கேக்கல்ல டீச்சர். அதான் பிரிஜ்ல வெச்சிருந்தத நானே கொண்டு வந்தேன். நீங்க கட்டி வெச்ச கோழி."

பையைத் திறந்தேன். மேலாக இரண்டு கால்கள். வெள்ளை இறகு பிடுங்கியிருந்தது. ஒன்றில் காப்புக் கயிறு அப்படியே இருந்தது. யாருடையது என்று மாறிப்போகக் கூடாதென்று அவிழ்க்காமல் விட்டிருந்தார் நல்ல மனிதர்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்! எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே டீச்சர்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். ஹாஜியார் இருந்த பதற்றத்தில் சேவலைப் பற்றிச் சொல்லிவிட்டா போவார்? கட்டினவள் நான். வழக்கம் தெரிந்தவளும் நான். இரண்டு பேருமாகப் பின்வளவில் வாழை மரத்தடியில் புதைத்தோம்.

அன்று பின்னேரம் கொழும்பிலிருந்து ஷிஃபாவின் போன் கோல் வந்தது. மறுநாள் ஒப்பரேஷன்.

"டீச்சர், சின்னதுரை எங்க?"

"கீழதான் இருக்கான்."

"கூவச் சொல்லுங்க."

வாழை மரத்தடி மண் இன்னும் என் நகத்தில் இருந்தது. போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கூவினேன்.

"அது நீங்க."

"இல்லம்மா, அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"பொய் டீச்சர்." சிரிக்கவில்லை. மூச்சு வாங்கியது. "பரவால்ல, நான் வந்து பாக்கிறேன்."

வரவில்லை. ஒப்பரேஷன் முடிந்தும் அவள் கண் திறக்கவில்லை. கம்பளைக்கு அவள் உடலை மையத்தாகக் கொண்டுவந்தார்கள்.

நான் போனபோது ஹாஜியார் வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார். "டீச்சர், சின்னதுரைய ஊட்டுக்குக் கொண்டுவரச் சொல்றா அவட உம்மா. புள்ள வளர்த்த சாமான் அது ஒண்டுதான் உயிரோட ஈக்குது எண்டு அழுறா."

பக்கத்தில் நின்ற மச்சினர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் சொல்லிவிடுவார் என்று பயந்துபோனேன்.

"கூட்டம் வந்த பதற்றத்துல ஸ்டேஷன் பக்கமா ஓடிட்டான் ஹாஜியார். ரயில்ல ஏறிட்டதாச் சொல்றாங்க."

எவ்வளவு மடத்தனமான பொய்! அந்தத் தகப்பன் தலையை ஆட்டினார். வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோதும் அதையே சொன்னேன். ரயிலில் எங்கே போனான் என்று கேட்டார்கள். கடுகண்ணாவைக்கு என்றேன். அடுத்த நாள் பேராதனைக்கு என்றேன். அப்படித்தான், ஐயா, அந்தக் கதைப்புத்தகம் வந்தது. எல்லோரும் என் கற்பனையை மெச்சுகிறார்கள்.

மச்சினர் அதன் பிறகு கத்தி பிடிக்கவில்லை. கலகெதரவில் த்ரீவீல் ஓட்டுகிறார். அவரிடம் ஒருமுறை, உண்மையை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். "வாணாம் டீச்சர். ரயில்ல போனதாவே ஈக்கட்டும்" என்றார்.

போன கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கம்பளைக்குத்தான் போனேன். ஹாஜியார் கடையை எப்போதோ விற்றுவிட்டார். கோழிக்கூடு இருந்த இடத்தில் கண்ணாடி அலுமாரி வைத்து போன் விற்கிறார்கள். மேலே நேர்சரி இல்லை, டியூஷன் வகுப்பு. வாழை நின்ற இடத்துக்கு சிமெந்து போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். அந்த வாசனையும் போய்விட்டது. மூக்கை எவ்வளவு இழுத்தும் பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. கடைக்காரர், "என்ன மிஸ் வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

வாசலில் நின்று ஒரேயொரு தரம் கூவ வேண்டும்போல் இருந்தது. வாய் வரவில்லை. என் கூவலை நம்பாத பிள்ளை ஷிஃபா ஒருத்திதான். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அவன் ரயிலேறினதை நம்பிவிட்டார்கள்.