பதில் வராத கயிறு

ஆலையில் எல்லோரும் அவரைக் கயிற்றுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்த் தொட்டிகளின் அடியில் தங்கும் கசடை வழித்தெடுக்க ஓர் ஆள் உள்ளே போவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பது இவர் வேலை. பத்தொன்பது வருஷமாக நிற்கிறார். வேடிக்கை பார்க்கச் சம்பளமா என்று புதிதாக வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பார். அதிகம் வாய் திறக்காத மனிதர்.

உள்ளே போகிறவன் அவர் மைத்துனன், மனைவியின் தம்பி. கலகலப்பானவன். அவனை வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். வீடும் ஒன்றுதான், கீழே இவர்கள், மாடியில் அவன் குடும்பம்.

இருவருக்கும் பேச்சு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. சாப்பாட்டு அறையில் பத்துப் பேர் முன்னால் மைத்துனன் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். "எங்க மாமாவுக்குத் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தாலே உதறும். அதான் ஆயுசுக்கும் வெளிய காவல்." எல்லோரும் சிரித்தார்கள். அது பொய்யாக இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை உள்ளே போய், இருட்டில் மூச்சு முட்டி, அலறிக்கொண்டு வெளியே வந்தவர் அவர். வீட்டில் நம்பிக்கையோடு சொன்ன கதை இப்படிச் சந்தி சிரித்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் அவர் மனைவிதான் தபால்காரி. "மோட்டார நிறுத்தச் சொல்லு உன் தம்பிய." "அப்பவே நிறுத்தியாச்சுன்னு சொல்லுக்கா." இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் நிற்பார்கள். "எனக்கு வாய் வலிக்குது, நீங்களே பேசித் தொலைங்க" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தொட்டி வேலைக்கு ஒரு விதிமுறை உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே இருப்பவர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து, குரலும் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் திருப்பி இழுத்து, பதில் குரல் கொடுக்க வேண்டும். ஏழு மாதமாக இழுப்பு மட்டும்தான் நடந்தது. குரல் கொடுத்தால் பேசியதாக ஆகிவிடுமே!

அன்று மூன்றாம் எண் தொட்டி. காலை பதினோரு மணி இருக்கும். அவர் கயிற்றை இழுத்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை இழுத்தார். சுவரில் கட்டியதுபோல் விறைப்பாக நின்றது கயிறு. உள்ளே தொட்டியைப் பிரிக்கும் தடுப்புத் தகட்டின் விளிம்பில் எங்கோ மாட்டியிருக்கிறது.

ஐந்து நிமிஷம் முன்னால் நடந்ததை அவர் நினைத்துப் பார்த்தார். முந்தின தடவை லேசாக ஓர் அசைவு வந்தது. அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார். அது அவன் இழுத்ததுதானா? இல்லையென்றால் அவனிடமிருந்து பதில் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடிவிட்டது.

கூப்பிட வாயைத் திறந்தார். தொட்டி வாயருகே குனிந்தார். பிறகு, "மாப்ளே!" என்று கத்தினார். இரும்பில் மோதித் திரும்பி வந்தது அவர் குரல்தான். உள்ளே விளக்கு வெளிச்சமும் தெரியவில்லை.

அப்போதுதான் மின்விசிறியிலிருந்து தொட்டிக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாயைப் பார்த்தார். தொட்டி வாயின் விளிம்பில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. மின்விசிறி பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது; உள்ளே போக வேண்டிய காற்றுதான் போகவில்லை. மடிப்பை நிமிர்த்தினார். அபாய மணியை அழுத்தினார். காவலாளி ஓடி வந்தார்.

"மூணாம் நம்பர் தொட்டி. உள்ள ஒருத்தர் இருக்கார். பதில் இல்ல. காத்து நின்னுருந்துச்சு. மூச்சுக் கருவியோட ஆள் வேணும். திருப்பிச் சொல்லுங்க!"

காவலாளி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினார்.

அவர்கள் வர எவ்வளவு நேரமாகுமோ! அவர் முழங்காலைத் தொட்டி வாயில் வைத்தார். தலை உள்ளே போனதும் அந்தக் கனத்த நாற்றம் முகத்தில் அறைந்தது. வேறோர் ஆலையில் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவனைத் தூக்கப் போனவனும் விழுந்து, இரண்டு பிணங்களையும் பக்கம்பக்கமாகக் கிடத்தியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். தலையை வெளியே இழுத்துக்கொண்டார். பயந்து பின்வாங்கினாரா, ஆபத்து தெரிந்து பின்வாங்கினாரா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான்.

"மாப்ளே, நான்தான்டா. வாசல் இங்க இருக்கு. என் சத்தம் வர்ற பக்கம் வா." என்ன சொல்வதென்று தெரியவில்லை. நிறுத்தவும் பயம். "அன்னிக்கு நீ சொன்னது நெசம்தான்டா. எனக்கு உள்ள வரப் பயம். இப்பக்கூட வரல பாரு. அதுக்குப் போய் ஏழு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன். உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்? கேக்குதா? கேட்டா ரெண்டு தட்டு தட்டு!"

ஒன்றும் இல்லை. மறுபடி கத்தினார். மறுபடி. குரல் உடைந்து கரகரத்தது.

டங். நீண்ட இடைவெளி. டங்.

அவர் தொட்டி வாயை ஒட்டிக் குனிந்தார். "எழுந்திரிக்காத! தவழ்ந்து வா. கைய நீட்டித் தடவு. காத்துக் குழாய் தட்டுப்படுதா? பட்டா ஒரு தட்டு."

அந்த ஒரு தட்டு வருவதற்குள் அவர் செத்துப் பிழைத்தார். "விட்டுறாத, அதோட வாய்ல முகத்த வச்சு மூச்ச இழு. கயித்த அவுத்து விடு. குழாயப் புடிச்சுக்கிட்டே வா. வா ராசா, வா."

கருப்பு எண்ணெய் பூசிய ஒரு கை தொட்டி வாயில் தெரிந்தது. அவர் இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தபோது மீட்பு ஆட்கள் கருவியோடு ஓடி வந்தார்கள்.

மருத்துவமனையில் மைத்துனனுக்கு மாலையில்தான் தெளிவு வந்தது. "யாரோ திட்டுறாங்கன்னுதான் தோணுச்சு மாமா. அப்ப யார்னு தெரியல. ஆனா விடாம திட்டுனீங்க" என்றான்.

மறுநாள் ஆலை மேலாளர் விசாரித்தார். கயிறு மாட்டிக்கொண்டது, குழாய் மடங்கியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "முந்தின இழுப்புக்குப் பதில் வரல சார். வந்ததா நானா நெனச்சுக்கிட்டேன். குரல் குடுத்துக் கேட்டிருக்கணும். வீம்புல கேக்கல" என்றார். கயிற்றை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கிடங்கில் வேலை, பிறகு திரும்பப் பயிற்சி என்று உத்தரவு.

மனைவியிடமும் அதையே சொன்னார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அந்த மௌனம் தொட்டி வாயைவிடப் பயமாக இருந்தது அவருக்கு.

"ஏதாவது சொல்லும்மா" என்றார்.