குளோரியின் வலது கண்ணும் சிலுவையின் பாறைமீனும்

கடியப்பட்டணம் கரையில் குளோரி செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. மீன் புதிதா பழசா என்று அவள் வாயைப் பார்த்துத்தான் வியாபாரிகள் விலை கேட்பார்கள். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பாள். முப்பது வருஷப் பழக்கம். அந்தக் கண்தான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கொழுந்தன் சிலுவை கொண்டுவந்த பாறைமீனைப் பார்த்து, "செவுள் வெளுத்துக் கெடக்கு, சீ, பழசு" என்று ஊரே கேட்கச் சொன்னாள். மீனின் வால் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. சிலுவை முகம் சிவந்து போய்விட்டான்.

நர்ஸாக இருக்கும் மகள் அபினா அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் அவள் கண்களை மாற்றி மாற்றிப் பொத்தி, மருந்து பாட்டிலின் சிவப்பு மூடி ஒன்றைக் காட்டினார். இடது கண்ணுக்கு நல்ல சிவப்பு. வலது கண்ணுக்குத் தவிட்டு நிறம். ஊசி போட்டார்கள்.

"கண் நரம்புக்க மேலுறையை உடம்பே உரிச்சுப் போட்டுட்டும்மா," என்றாள் அபினா. "ஆனா அங்க வளராத செல்லுங்க கொஞ்சம் எப்பவும் காத்துக் கெடக்கும். காயம் பட்டா ஓடி வந்து, பெருகி, வளந்து, புது உறை சுத்தும். சிலது வந்து சேந்தும் வளராம நின்னுரும். அதுதான் பயம்."

குளோரிக்குப் பயத்தைவிடக் குஷிதான் அதிகம். தன் தலைக்குள் இப்படி ஒரு கூட்டமா! காலையில் எழுந்ததும் வலது பக்க நெற்றிப்பொட்டைத் தட்டி, "ஏட்டி, நின்னது போதும், சுத்துங்கட்டி!" என்று அதட்டுவாள்.

விஷயம் தெரிந்ததும் சிலுவையின் கோபம் போன இடம் தெரியவில்லை. தினமும் புது மீனின் செவுளைக் காட்டினான். மாசி வரை தவிடுதான். அப்புறம் அவள் "செவப்புதாம்ல" என்று சொல்லத் தொடங்கினாள். அவனுக்கோ சந்தேகம். தன்னை நோகடித்த குற்றத்துக்கு ஒப்புக்குச் சொல்கிறாளோ?

ஈஸ்டர் கழிந்து ஒரு நாள், ஐஸ்பெட்டியில் மூன்று நாள் கிடந்த பாறையை எடுத்து, மூக்குக்கு எட்டாத தூரத்தில் நின்று காட்டினான். குளோரி இடது கண்ணை மூடினாள்.

"வெளுத்துக் கெடக்கே," என்றாள். புது மீன் என்றே நினைத்துச் சுற்றி நின்றவர்களின் முகம் வாடிவிட்டது.

"ஏலே, வெக்கமா இல்லியா? நேத்து காட்டினது செம்பருத்தி கணக்கா இருந்துது. இது ஐஸ்ல கெடந்ததுல்லா!" என்று சிலுவையைப் பிடித்துக்கொண்டாள் குளோரி.

சிலுவை மீனை மேலே எறிந்துவிட்டு மணலில் குதித்தான்.

"கேட்டியளா? எங்க மைனி என்னை ஏசிட்டா!"

குளோரி அழுதாள், சிரித்தாள், பொட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு சேலையை இழுத்துச் செருகினாள்.

"எடு மக்கா, அடுத்த மீனைக் காட்டு."