பெரியப்பா என்றொரு பீங்கான் கப்பல்

சகலை மேல் எனக்குப் பொறாமை. போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் விருத்தாசலம் போனதே அதனால்தான். என் மனைவியின் அக்கா கணவர் அவர். சரக்குக் கப்பலில் அதிகாரி. லீவில் வரும்போதெல்லாம் என் மகள் யாழினியை உட்காரவைத்துக் கப்பல் பாடம் எடுப்பார். அவள் இப்போது சோற்றுத் தட்டைக் காட்டிக்கூட, "இது போர்ட்டு, இது ஸ்டார்போர்டு" என்கிறாள். இடது, வலது சொல்லிக்கொடுத்தது நான். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அவள் பிறந்தநாளுக்கு ஒரு பீங்கான் கப்பல் செய்து கொடுத்து அவரை முந்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலம் எங்கள் திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். காலையிலேயே கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். யாழினியையும் கூட்டிக்கொண்டேன்; மனப்பாடம் செய்து வைத்திருந்ததை வழியிலேயே அவளிடம் எடுத்துவிட்டேன். கப்பலின் முன்முனை அணியம், பின்முனை அமரம்.

"பௌ, ஸ்டெர்னுன்னு பெரியப்பா எப்பவோ சொல்லிட்டாருப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. பொம்மைப் பட்டறையில் அச்சிலிருந்து கப்பலை இரண்டு பாதியாக எடுத்து, ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. அடியில் ஒட்டுப் போட்ட கோட்டைத் தொட்டு, "இதாங்க்கா கீலு, கப்பலோட முதுகெலும்பு" என்றாள் யாழினி. எல்லாம் சகலை டிரெய்னிங். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முன்னாடி என்னா பேரு பாப்பா?" என்று ஆணியை நீட்டினார் அக்கா. கொஞ்சமும் யோசிக்காமல் 'பெரியப்பா' என்று கீறினாள். காசு கொடுப்பவன் பக்கத்திலேயே நிற்கிறேன்!

"பின்னாடி சும்மா வுட்டுடலாமா?"

"இல்லக்கா, அங்க ஊர் பேரு எழுதணும். எந்த ஊர் கப்பலுன்னு தெரிய வேணாமா?"

எழுதினாள், திட்டக்குடி. வெலிங்டன் ஏரியை விட்டால் திட்டக்குடிக்குக் கடல் ஏது என்று அக்கா சிரித்தார்.

வெறுப்பேற்றத்தான் ஊர்ப் பேர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துச் சகலைக்கு அனுப்பினேன். டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"என் கப்பலு பின்னாடி பனாமான்னு எழுதியிருக்குது சகல. வரி கம்மின்னு மொதலாளி அங்க பதிஞ்சி வச்சிருக்கான். அந்த ஊர நான் பாத்ததே இல்ல" என்றார். "சொந்த ஊர்ல புள்ளையோட இருக்குற உங்கள நெனச்சா பொறாமையா இருக்குது."

இத்தனை வருடம் நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். அதிலும் முந்திக்கொண்டார் மனிதர்.

நீங்கள் போனால் மண் காய்வதற்குள் பெயரைக் கீறிவிடுங்கள்; சூளைக்குப் போய் வந்த பிறகு கீற முடியாது. வாங்கி வரும்போது வைக்கோல் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கப்பல் இப்போது டிவி மேல் நிற்கிறது. முன்னால் பெரியப்பாவே இருந்துவிட்டுப் போகட்டும். நான் அதைப் பின்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன்.