பிள்ளை பிறந்தது எந்த ஊரில்?

நகராட்சி அலுவலகத்தில் என் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிய நிமிடமே, தெருவில் எல்லோருக்கும் நானே வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. முதலில் பக்கத்து வீட்டுச் செல்விக்கு. பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான மாவட்ட கோகோ அணித் தேர்வுக்கு அவளிடம் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். ரேஷன் கார்டு விலாசத்தைப் பார்த்து, விண்ணப்பத்தில் பிறந்த ஊர் திருத்தங்கல் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தேர்வுக்கு முதல் நாள், அப்படி ஒரு பதிவே இல்லை என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து இறங்கிய செல்வியின் அம்மாவிடம் ஓடினேன்.

"ஏலே, தலைப்பிள்ளைய எவளாச்சும் புருசன் ஊர்ல பெத்துக்கிடுவாளா? எங்க அம்மா வீட்டுக்குப் போயி, சாத்தூர் ஆஸ்பத்திரியிலல்ல பெத்தேன்! இம்புட்டுப் படிச்சவன் ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்றார் அந்த அக்கா.

சாத்தூரில் சான்றிதழ் கிடைத்தபோது தேர்வு முடிந்திருந்தது. அதிலிருந்த தேதிப்படி அடுத்த வருஷம் செல்விக்கு வயது தாண்டிவிடும். "விடுண்ணே, போனாப் போகுது" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது யார் வந்தாலும், பிரசவம் எந்த ஊரில் என்று கேட்ட பிறகே பேனாவை எடுக்கிறேன். திங்கட்கிழமை செல்வியின் விளையாட்டு ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். பதினேழு வயதுப் பிரிவில் அவளை ஆட விடச் சொல்லிக் கேட்க வேண்டும்.