பாலம் தாண்டிய நாக்கு

நம்ம கோச் (1951–2019). பேருந்துப் பணிமனையில் வண்ணம் பூசும் பிரிவின் மேற்பார்வையாளர், கால்பந்துப் பயிற்சியாளர். முதலில் அவர் வெறும் 'கோச்'தான். 'நம்ம' என்ற முன்னொட்டு வந்து ஒட்டிக்கொண்டது அவருடைய ஐம்பத்தொன்றாம் வயதில், ஓர் இறுதி ஆட்டத்தின் இடைவேளையில். அது ஒட்டிய கதையைச் சொல்லிவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரித்தது. மேம்பாலம் அதைச் சேர்த்து வைத்தது. கால்பந்து மறுபடியும் பிரித்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பணிமனைக் கழகம், பச்சைச் சட்டை. அந்தப் பக்கம் துறைமுகக் கழகம், சிவப்புச் சட்டை. பச்சைச் சட்டைக்காரர்கள் வேலை முடிந்து, நகக்கண்ணில் கிரீஸோடு, பேருந்துகள் திரும்பும் கட்டாந்தரையில் பயிற்சி எடுத்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர்களுக்குப் புல்தரை இருந்தது, விளக்குக் கம்பங்கள் இருந்தன, ஆளுக்கொரு அலமாரி இருந்தது. கோச் பத்தொன்பது ஆண்டுகள் பாடுபட்டுப் பச்சை அணியைக் கடைசி இடத்திலிருந்து இரண்டாம் இடம் வரை தூக்கி வந்திருந்தார். முதலிடம் மட்டும் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டில் நிலைமை இன்னும் சிக்கல். அவர் மனைவி பிறந்து வளர்ந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆட்ட நாளன்று கணவருக்குப் பச்சைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நேரே சிவப்பு அரங்குக்குப் போய், தாம் தேய்த்த அதே சட்டையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவார். மாலையில் இருவரும் ஒரே ஆட்டோவில் வீடு திரும்புவார்கள்.

அந்த அம்மையாரின் அண்ணன்தான் துறைமுகக் கழகத்தின் செயலாளர். 2002ஆம் ஆண்டு ஏப்ரலில், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவர் தங்கை வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, சுத்தி வளைக்காம சொல்றேன். எங்க கோச் வேலையை விட்டுட்டுப் போறாரு. அடுத்த சீசனுக்கு நீங்க வாங்க."

"ஃபைனல்ல உங்களோடதானே மோதறோம், மச்சான்?"

"மோதுங்க. யாரு வேண்டாம்னா? ஃபைனல் முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் பதில் சொன்னாப் போதும்."

"நான் வரலைன்னா?"

"வரலைன்னா என்ன, வேற ஆளைப் பாப்போம். ஆனா அந்தக் கட்டாந்தரையிலேயே உங்க காலம் முடிஞ்சிடும். அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதுதான் கோச்சை உறுத்தியது. குறுகிய தூரத்தில் பந்தைக் கைமாற்றுவதுபோல் காலுக்குக் கால் மாற்றிக்கொண்டே முன்னேறும் ஆட்டம் ஒன்று அவர் மனத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரம் டயர் கழற்றிவிட்டு வந்த கால்களால் அதைப் பாதிதான் ஆட முடிந்தது. புல்தரையில், இளங்கால்களில் அது முழுதாக ஓடினால் எப்படி இருக்கும்?

சிந்திக்க அவருக்குத் தாள் வேண்டாம். சாப்பாட்டு மேசை போதும். எவர்சில்வர் டம்ளர்கள் தம் ஆட்கள். பீங்கான் கோப்பைகள் எதிராளிகள். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஏற்பாடு மாறியதில்லை. அந்த வாரம் மனைவி காபி ஊற்ற வந்தவர் சற்று நின்று பார்த்தார்.

"ஏங்க, டம்ளரெல்லாம் சும்மா நிக்குது. நீங்க கப்பை ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."

கோச் கையை இழுத்துக்கொண்டார். கோப்பைகள் மூன்று அழகான முக்கோணமாக டம்ளர்களின் பின்னால் ஊடுருவியிருந்தன.

"எதிராளி எப்படி வருவான்னு பாக்கறேன்."

"பாத்தா எதிராளியைப் பாக்கற பார்வையாத் தெரியல. பெண் பாக்கப் போன அன்னிக்கு என்னை அப்படிப் பாத்தீங்க."

"உனக்குச் சந்தோஷமாத்தானே இருக்கும்? நீ பொறந்த இடத்து அணி."

"எனக்கென்ன சந்தோஷம்? நீங்க அங்க வந்துட்டா நான் யாரைப் பாத்துக் கத்தறது?" என்றவர், காபியை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஃபைனல்ல தோத்துட்டுப் போனா, வித்துட்டான்னு சொல்வாங்க. ஜெயிச்சுட்டுப் போனா, விட்டுட்டான்னு சொல்வாங்க. விட்டுட்டான்கறதை நான் தாங்கிப்பேன்."

ஆகவே போக வேண்டுமானால் முதலில் வெல்ல வேண்டும். செய்தி அதற்குள் பணிமனை முழுவதும் பரவிவிட்டது. அவர் வரும்போது பேச்சு நின்றது, போனதும் தொடர்ந்தது. அணித்தலைவன் டயர் பிரிவில் வேலை செய்பவன், பெயரும் 'டயர்' என்றே நிலைத்துவிட்டது. அவன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்காமலிருந்ததுதான் கோச்சுக்கு எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

இறுதி ஆட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இரண்டு அரங்குகளும் பிதுங்கின. பச்சைப் பக்கத்தில் யாரோ பேருந்து ஹாரனையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் சிவப்பு அலை அலையாக வந்தது. பச்சை அணியின் கோல்கீப்பர் ஒரு நடத்துநர். அவருக்குக் களத்திலும் நடத்துநர் மொழிதான். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று தடுப்பு வரிசையை விரட்டிக்கொண்டே மூன்று பந்துகளைத் தட்டிவிட்டார். நான்காவது அவர் விரல் நுனியைத் தடவிக்கொண்டு வலைக்குள் போனது. சிவப்பு அரங்கு எழுந்து ஆடியது. அங்கே ஒரு குடை எல்லாவற்றுக்கும் மேலே சுழன்றதைக் கோச் பார்த்தார்.

இடைவேளை. உடைமாற்றும் அறையில் வியர்வையும் வலிநிவாரணத் தைலமும் கலந்து மூக்கைத் துளைத்தன. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவரோ தரையைப் பார்த்தபடி, வெறும் ஆட்டத்தை மட்டுமே நினைத்துப் பேசினார்.

"பந்தை மேல தூக்கி அடிக்காதீங்க. கால்லயே வச்சுக்குங்க. நம்ம கிரேன் இருக்கானே, அவனுக்கு இடது பக்கம் திரும்ப வரல. வலது காலை ஊனிக்கிட்டு அப்படியே நிக்கறான். அதை முதல்ல சரி பண்ணணும்."

கிரேன் என்பவன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவன். ஆறடிக்கு மேல் உயரம். சிவப்பு அணியின் நடுத் தடுப்பாளன்.



"யாரு கிரேன், மாஸ்டர்?" என்று டயர் கேட்டான். அந்த இரண்டு வாரத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி.

கோச்சுக்குக் காது மடல் சுட்டது. சொன்ன சொல்லை வாய்க்குள் திரும்ப இழுக்க வழியில்லை.

"யாரு சரி பண்ணணும்?" என்று டயர் அடுத்ததையும் கேட்டான்.

கோல்கீப்பர் கையுறையைக் கழற்றினார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்த அறை உடைந்திருக்கும். டயர்தான் மெல்லச் சிரிக்கத் தொடங்கினான்.

"நல்லவேளை, 'எங்க கிரேன்'னு சொல்லல. சொல்லியிருந்தா நாங்க வெளிய. 'நம்ம'ன்னு சொன்னீங்க. அப்ப நாங்களும் உள்ளதான் இருக்கோம்."

இலக்கணத்தில் இதற்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. உடைமாற்றும் அறைக்கு அது தேவைப்படவில்லை. கோல்கீப்பர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, "போலாம், ரைட்" என்றார். பதினோரு பேரும் சிரித்தபடியே எழுந்தார்கள். "நம்ம கிரேனை நாமளே கவனிக்கலாம், வாங்கடா" என்றான் டயர்.

அடுத்த பாதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் எழுந்து நின்றுதான் விவரிக்கிறார்கள். பந்து தரையைவிட்டு எழவே இல்லை. காலிலிருந்து காலுக்கு, கோட்டிலிருந்து உள்ளே, மறுபடி கோட்டுக்கு. ஒவ்வொரு முறையும் கிரேனின் இடப்பக்கமாகவே போனது. அவன் திரும்புவதற்குள் டயர் அவனைக் கடந்திருந்தான். முதல் கோல் அப்படித்தான் விழுந்தது. "திரும்புறதுக்கு முன்னாடி ஹாரன் அடிப்பா" என்று பச்சை அரங்கு கூவியது, ஹாரனும் அடித்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் அதே வழி, அதே முக்கோணம். சாப்பாட்டு மேசையில் கோப்பைகள் மூன்று செய்ததை இப்போது டம்ளர்கள் செய்வதைக் கோச் கண்டார். டயர் உதைத்த பந்து கம்பத்தின் உட்புறம் பட்டு, ஒரு கணம் தயங்கி, உள்ளே உருண்டது. கோச் ஓடினார். எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் கொடிக்கம்பம் வரை ஓடிவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். இரண்டுக்கு ஒன்று. பத்தொன்பது ஆண்டுக் கண்ணாமூச்சி முடிந்தது.

வெற்றிக் கோப்பை உடைமாற்றும் அறைக்குள் வந்து, குளிர்பானம் எல்லார் தலையிலும் ஊற்றப்பட்ட பின், அவர் டயரைத் தனியாக அழைத்தார்.

"எதுக்கு மாஸ்டர் தயங்கறீங்க? உங்க நாக்கு எப்பவோ பாலத்தைத் தாண்டிடுச்சு. கால் மட்டும் இங்க நின்னு என்ன செய்யும்?"

"கோபமில்லையே?"

"இருக்கு. அடுத்த வருஷம் மைதானத்துல காட்டறோம். ஒரே ஒரு உதவி. அந்தக் கிரேனுக்கு மட்டும் திரும்பக் கத்துக்கொடுத்துடாதீங்க."

"அதைத்தான்டா முதல்ல கத்துக்கொடுக்கப் போறேன்."

டயர் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு முடிந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. கோச் அதைப் பார்க்காததுபோல் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

வெளியே மச்சான் காத்திருந்தார், முகம் இஞ்சி தின்றதுபோல.

"எங்களைத் தோக்கடிச்சுட்டு எங்ககிட்டயே வர்றீங்க. ரொம்பத்தான் துணிச்சல் உங்களுக்கு."

"வர்றேன், மச்சான். ஆனா இனிமே 'எங்க'ன்னு சொல்லாதீங்க. 'நம்ம'ன்னு சொல்லுங்க."

"அப்ப என்ன, நம்மளை நாமே தோக்கடிச்சுக்கிட்டோமா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

இடைவேளைக் கதை அன்று மாலைக்குள் பாலத்தின் இரு பக்கமும் போய்ச் சேர்ந்தது. 'நம்ம கோச்' என்ற பெயரும் கூடவே போனது. சில பேர் 'விட்டுட்டான்' என்றார்கள். ஒருவரும் 'வித்துட்டான்' என்று சொல்லவில்லை. அடுத்த சீசனின் முதல் மோதலன்று அவர் மனைவி சிவப்புச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, நேரே பச்சை அரங்கில் போய் உட்கார்ந்தார். கத்துவதற்கு ஆள் வேண்டுமே. கிரேன் அன்று இடது பக்கம் இருமுறை திரும்பினான். டயர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

துறைமுகக் கழகத்தைப் பத்தாண்டுகள் பயிற்றுவித்து, நான்கு முறை கோப்பை வாங்கிக் கொடுத்து ஓய்வு பெற்றபின்னும், இரு கழகங்களும் மோதும்போதெல்லாம் அவர் கோட்டோரம் வந்து நின்றார். "நம்ம பந்து, விடாதீங்க" என்று அவர் கூவினால் இரண்டு அணியும் சேர்ந்து ஓடும். அவர் கடைசியாக அப்படிக் கூவியது 2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை.