பிரேக் தட்டில் நாலு ஓட்டை

இப்போது வரும் மோட்டார் சைக்கிள்களில் பிரேக் வட்டைப் பாருங்கள், சல்லடை மாதிரி ஓட்டை. அதைக் காசு கொடுத்து வாங்கிப் பெருமையாகத் துடைக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், சேந்தமங்கலத்தில், எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் நாலே நாலு ஓட்டை போட்டதற்குக் கிறுக்கி என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும்.

நான் கணக்கு டீச்சர். வேலைக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்து வாங்கிய உத்தரவு. பள்ளிக்கூடம் கொல்லிமலை மேலே, பஸ் எட்டிப் பார்க்காத ஊரில். திங்கட்கிழமை விடியற்காலையில் கணவர் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். சனிக்கிழமை மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு இறங்குவார். அவருக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. அதனால் லாரிக்காரர் பழக்கமெல்லாம் அவருக்கும் தொற்றியிருந்தது. மலை இறங்கும் லாரிக்காரர்கள் வளைவில் நிறுத்தி, கொதிக்கும் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றுவார்கள். இவரும் தகர டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து முன்சக்கரத்தில் ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். "சூடு எறங்கிருச்சு, ஏறு அம்மிணி" என்பார்.

ஒரு சனிக்கிழமை அப்படி ஊற்றிவிட்டுக் கிளம்பினோம். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை இழுத்தார். வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்க ஓடையில் விழுந்தோம், அது எங்கள் அதிர்ஷ்டம். அவருக்கு முழங்கை கிழிந்தது, எனக்கு முழங்கால்.

மறுநாள் காலையிலேயே கணவரின் அண்ணன் வந்துவிட்டார். மூன்று லாரிக்குச் சொந்தக்காரர். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். உட்காரக்கூட இல்லை. நான் வேலையை விட்டுவிடுவதாகத் தன் கையாலேயே எழுதிய முழுத்தாள் ஒன்றை நீட்டினார்.

"கையெழுத்து மட்டும் போடு அம்மிணி. அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன், வாங்கி நானே ஆபீசுல குடுத்தர்றேன்."

"நான் எதுக்குங்க மாமா வேலைய உடோணும்?"

"எதுக்கா? பொம்பள சம்பாதிச்சுத்தான் இந்த ஊட்டுல அடுப்பெரியோணுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டுப்போனது பிரேக், அதற்கு என் வேலையை விடுவதா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதையாக அல்லவா இருக்கிறது! கணவரைப் பார்த்தேன். அண்ணன் முன்னால் அவர் தலை நிமிரவே இல்லை. அவர் மேல்தான் இன்னும் அதிகக் கோபம்.

அண்ணன் தெருத் திரும்பியதும், "ஏனுங்க, அந்த முன்சக்கரத்தக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றினார். சக்கரத்தின் நடுவே பிரேக் டிரம்மை ஒரு அலுமினியத் தட்டு மூடியிருந்தது. அதைத் தூக்கினால், உள்ளே டிரம்மை உரசி நிறுத்தவேண்டிய பிரேக் கட்டைகள் கண்ணாடியாக வழவழத்தன. ஓரமெல்லாம் தண்ணீர்த் தடம். சூடு வெளியேற வழியே இல்லை. போதாததற்கு நாமே உள்ளே தண்ணீரை விட்டிருக்கிறோம்.

"சட்டிய மூடி வெச்சாக் கொதிக்கத்தானுங்க செய்யும்? மூடியில ஓட்டை போடலாம்."

"தட்டு உடஞ்சுரும் அம்மிணி."

"எங்க போடோணும்னு தெரிஞ்சு போட்டா உடையாதுங்க."

ஓட்டைக்கு அளவு குறிக்கப் பெரிய காகிதம் வேண்டும். மேசை மேல் அண்ணன் எழுதிய தாள் கிடந்தது. வீட்டில் வேறு காகிதமே இல்லையா என்றால், இருந்தது. வேண்டுமென்றேதான் எடுத்தேன்.

தாளில் காம்பஸால் வட்டம் போட்டேன். அதே ஆரத்தை வைத்து வட்டத்தைச் சுற்றி வெட்டினால் சரியாக ஆறு புள்ளி விழும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். அதில் எதிரெதிரான இரண்டு புள்ளிகள், பிரேக் கட்டைகளைத் தாங்கும் இடங்கள். அங்கே கை வைக்கக்கூடாது. மிச்சம் நாலு. தாளைச் சோற்றுப் பசையால் தட்டில் ஒட்டி வெயிலில் காயவைத்தேன். அவர் தட்டைப் பலகையில் அழுத்திப் பிடித்தார். நான் கை டிரில்லைச் சுற்றினேன். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட, அலுமினியம் சுருள் சுருளாக வந்தது. வேலியோரம் நின்று நாலு பேர் சிரித்தார்கள். பிசிறை அரம் போட்டேன், கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். தாளை நனைத்துக் கிழியாமல் உரித்துக் கொடியில் காயப்போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, தண்ணீர் டப்பா இல்லாமல் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அடிவாரம் வரை பிரேக் பிடித்தது. ஓட்டை போட்டதால் பிடித்ததா, தண்ணீர் ஊற்றாததால் பிடித்ததா என்று கணவர் இன்றைக்கும் வம்புக்கு இழுப்பார். பிடித்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி அண்ணன் வந்தார். "கையெழுத்துப் போட்டாச்சா?"

தாளைக் கொடுத்தேன். பசைக் கறை, மண்ணெண்ணெய் வாடை, நாலு ஓட்டை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அம்மிணி, எலி கடிச்சுருச்சா?"

"இல்லீங்க மாமா, நான்தான் போட்டேன். கையெழுத்துப் போடற எடத்துலயும் ஒண்ணு உழுந்துருச்சு. இனி எங்கீங்க போடறது?"

அவர் முகம் சிவந்துவிட்டது. தம்பி பக்கம் திரும்பி, "ஏன்டா, உம் பொண்டாட்டி பேசறதக் கேட்டுட்டு நிக்கற?" என்றார்.

கணவர் இந்த முறை தலையைக் குனியவில்லை.

"நாளைக்கு வெடியால மலை ஏறோணும்ணா. வண்டியத் தொடைக்கோணும்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.