மண்டோர் நம்பருக்கு வரும் மழை

காலை எட்டரை மணிக்குப் பாரோயில் என் வீட்டிலிருந்து காரை எடுத்தேன். லாபு இருபது கிலோமீட்டருக்கு மேல். சிரம்பான் நெரிசலைத் தாண்டினால் முக்கால் மணி நேரம். போன வெள்ளத்தில் அங்கே என் அக்கா பிலோமினாவின் வீட்டுக்காரரை, பக்கவாதத்தில் படுத்த மனிதரை, கதவைக் கழற்றி அதில் கிடத்தித்தான் தூக்கினார்கள். இந்த மழைக்காலம் முடியும்வரை இருவரையும் என் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

லாபு கடையில் ஒரு தே தாரிக் டீ இரண்டு வெள்ளி. விலை ஏறியிருக்கிறது, கிளாஸ் சிறுத்திருக்கிறது. அங்கிருந்து செம்மண் பாதை, இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டவர்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை மட்டும் பழைய ஆற்றோரத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். மேட்டில் இருப்பது மேனேஜர் பங்களா. அதில் இப்போது யாரும் குடியில்லை.

அக்கா வரமாட்டேன் என்றாள்.

“ஒன் மூணாவது மாடிக்கு மாமாவ எப்படிடா ஏத்துவ? ஒங்க லிஃப்ட் என்னிக்கு ஓடிச்சு? தண்ணி வர்றதுக்கு முன்னாடி மெசேஜ் வரும்லா. போன வெள்ளத்துக்கப்புறம் கவர்மெண்ட் ஆளுங்க வந்து நம்பரெல்லாம் பதிஞ்சிட்டுப் போனாங்க.”

“எந்த ஃபோனுக்கு வரும்? ஒன்னோடது செத்துக் கெடக்கு.”

“டாப் அப் போடலன்னா நம்பரே போயிருது. அதான் லயத்துல எல்லாரும் மண்டோர் நம்பரக் குடுத்தோம். அவரு நம்பர்தான் மாறாது.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பள்ளிக்கூடம், கிளினிக், சர்ச், எதற்கும் மண்டோர் நம்பரைக் கொடுப்பது இவர்கள் பழக்கம். தோட்டத்துக் கங்காணியாக இருந்த அந்த மண்டோர் அந்தோணி வேலையிலிருந்து நின்று, பாரோயில் மகள் வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருடமாகிறது.

“அவரு சொல்லிடுவாரு” என்றாள் அக்கா.

அரை நாள் வாதாடியும் அவள் அசையவில்லை. வந்த கோபத்தில் நேராகப் பாரோய்க்குத் திரும்பி மண்டோர் வீட்டுக்கே போனேன். மத்தியானம் ஒன்றரை இருக்கும். மனிதர் ஃபோனை என் கையில் கொடுத்தார். வரிசையாக மழை எச்சரிக்கைகள், எல்லாம் லாபுவுக்கு.

“சோறு திங்கறப்ப வருது, பூசையில வருது. எல்லாரும் என் நம்பரக் குடுத்தாங்க தம்பி. அவங்க நம்பர எனக்கு யாரு குடுத்தா?”

“நேர்ல போய்ச் சொல்லலாம்ல?”

“கண்ணு தெரியலன்னு மக என் மோட்டார் சைக்கிள வித்துட்டா.”

பேசிக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. லாபுவில் கனமழை, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போகவும். மலாய் மொழியில், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். பாரோயில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்ததும், கூப்பிடாமலே மண்டோரும் செருப்பை மாட்டினார்.

சிரம்பானைத் தாண்டியதும் மழை. முக்கால் மணி நேரப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. செம்மண் பாதையில் பாதி தண்ணீருக்குள் போயிருந்தது, மேட்டுப் பக்கமாகக் காரைத் திருப்பி ஏற்றினேன். பங்களா கேட்டுக்கு வெளியே லயத்து ஜனங்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் மாமா மடங்கிக் கிடந்தார். அவர் தலைக்கு மேல் அக்கா ஒரு உரச்சாக்கைப் பிடித்திருந்தாள். கேட்டில் பூட்டு தொங்கியது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மண்டோரைத்தான் பார்த்தாள்.

“மெசேஜ் வந்துச்சா, மண்டோரே?”

“வந்துச்சும்மா.”

“என்ன போட்டிருக்கு?”

“மேட்டுக்குப் போகச் சொல்லுது.”

“மேட்டுலதான் நிக்கிறோம்” என்றாள் அக்கா. “இந்தக் கேட்டத் தொறக்கறவங்க நம்பரு இருக்கா?”